குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது எப்படி? வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கதை சொல்வது வேறு, கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது வேறு. பாட்டி சொல்லும் கதை பேச்சுத் தமிழில் வரும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து நீளும், சுருங்கும். புத்தகத்தில் இருப்பதோ எழுத்துத் தமிழ். "அவ போயிட்டா" என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் "அவள் சென்றுவிட்டாள்" என்பதை முதன்முதலாகச் சந்திக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடு. அப்படிக் கூட்டிப் படித்த சொல்லும் காதுக்குப் புதிது என்றால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். வாசித்துக் காட்டுவதால் எத்தனையோ நன்மைகள் சொல்வார்கள். தமிழ் வீட்டுக்கு முதல் நன்மை, படிக்கத் தொடங்கும் முன்பே எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகிவிடுவதுதான்.

(டப்பிங் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகள் "என்னைக் காப்பாற்றுங்கள்!" என்று கூடத்தில் அலறுவதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அதுவும் இதே பழக்கம்தான். ஆனால் கார்ட்டூன் பிள்ளைக்காக நிற்காது, கேட்டதற்குப் பதிலும் சொல்லாது.)

எந்த வயதில், எவ்வளவு நேரம்

பிறந்ததிலிருந்தே தொடங்கலாம். சிசுப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014-லேயே மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. பச்சிளம் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால் புத்தகத்தை அந்தத் தூரத்தில் பிடியுங்கள். கறுப்பு வெள்ளையாக, கோடுகள் தடித்த படங்கள் போதும். என்ன வாசிக்கிறோம் என்பது அப்போது முக்கியமில்லை, குரல்தான் சரக்கு. இரண்டு மூன்று நிமிடம் போதும். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு முடிந்தது.

ஆறு மாதத்துக்கு மேல் புத்தகம் வாய்க்குப் போகும். அட்டைப் பக்கங்களும் மழுங்கிய மூலைகளும் கொண்ட புத்தகமாக வாங்குங்கள். கடிக்கிறதே என்று பிடுங்க வேண்டாம், அந்த வயதில் எதையும் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்ளும். ஒன்றரை வயதுப் பிள்ளை உட்கார்ந்து கேட்காது. நாலு பக்கம் கேட்கும், எழுந்து ஓடும், திரும்பி வரும். மூன்று வயதில் பத்து நிமிடம், ஐந்து வயதில் கால் மணி நேரம், ஏழு வயதுக்கு மேல் அரை மணி நேரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. இதற்கு மேல் பிள்ளையே கேட்டால் வாசியுங்கள். நாமாக இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

புத்தகம் தேர்ந்தெடுத்தல்

இரண்டு வயதுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. நான்கு வயதுக்கு மூன்று முதல் ஐந்து வரி. ஆறு வயதுக்கு அரைப் பக்கம் எழுத்து இருந்தாலும் தாங்கும், எதிர்ப்பக்கத்தில் படம் இருந்தால். வரிகளின் எண்ணிக்கையைவிட வாக்கியத்தின் நீளம்தான் தொல்லை தரும்.

கடையிலோ நூலகத்திலோ புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், முணுமுணுப்பாகவாவது. ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் நாக்கு தடுக்கினால் அது வாசித்துக் காட்ட ஏற்ற புத்தகமில்லை. பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, சொற்களை எல்லாம் சேர்த்து எழுதி ரயில்பெட்டித் தொடராக்கியிருப்பார்கள். இரண்டாவது, வேறு மொழியிலிருந்து அவசரமாக மொழிபெயர்த்திருப்பார்கள். "அவனால் பந்து எறியப்பட்டது" என்கிற வகை வாக்கியங்கள் அடிக்கடி தென்படும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

1957-ல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' ஆகியவை தமிழில் சிறுவர் நூல்கள் வெளியிடுகின்றன. தூலிகாவின் இருமொழிப் புத்தகங்களில் இரண்டு மொழி வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒரு அமர்வுக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு வரி மாறி மாறி வாசித்தால் கதை நொண்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். அங்கே நான்கு நிலைகள் உண்டு: முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600-க்குள் அடங்கும். நான்கு வயது வரை முதல் நிலையைத் தாண்ட வேண்டியதில்லை. தமிழக அரசுப் பள்ளிகளுக்கு 2023-ல் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வகுக்கப்பட்டவை. பிள்ளையின் பள்ளியில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கிளை நூலகத்தில் சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டினால் உறுப்பினராகிவிடலாம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் சிறுவருக்கென்று தனிப் பிரிவு உண்டு.

வீட்டில் ஒரு நேரத்தில் ஐந்தாறு புத்தகங்கள் வெளியே இருந்தால் போதும். மீதியை எடுத்துவைத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், முகப்பு அட்டை தெரியும்படி சாய்த்து வையுங்கள். முதுகுப்பக்கம் மட்டும் தெரிய அடுக்கினால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எது எந்தப் புத்தகம் என்று தெரியாது.

வாசிக்கும் முன்: ஐந்து நிமிடத் தயாரிப்பு

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். தமிழில் இதைத் தாண்டவே கூடாது. நம் வாக்கிய அமைப்பு அப்படி.

தமிழில் வினை கடைசியில் வரும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"அணில் மரத்திலிருந்து இறங்கி, முற்றத்தைக் கடந்து, திண்ணையில் ஏறி, பாட்டி காயப்போட்டிருந்த வடகத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடியது."

இதை ஒரே மூச்சில் வாசித்தால் நான்கு வயதுப் பிள்ளைக்குத் திண்ணையிலேயே அணில் தொலைந்துவிடும். 'இறங்கி', 'கடந்து', 'ஏறி' ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சிறு நிறுத்தம் கொடுங்கள். ஆனால் குரலைத் தாழ்த்தாதீர்கள். குரல் மேலேயே நின்றால் 'இன்னும் இருக்கிறது' என்று பிள்ளைக்குப் புரியும். 'ஓடியது' என்ற இடத்தில்தான் குரல் இறங்க வேண்டும். அது சொந்தப் புத்தகமாக இருந்தால் நிறுத்த வேண்டிய இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் உரையாடல். யார் பேசினார், எப்படிப் பேசினார் என்பது பல நேரம் பேச்சு முடிந்த பிறகுதான் வரும்:

"'கதவைத் திற! சீக்கிரம் திற!' என்று சுவருக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தது எலி."

முன்கூட்டிப் படிக்காதவர் ஆச்சரியக்குறியைப் பார்த்துவிட்டுக் கத்துவார். பிறகுதான் அது எலி என்றும் கிசுகிசுப்பு என்றும் தெரியவரும். பிள்ளை விடாது, "அது மெதுவாத்தானே சொல்லுச்சு?" என்று பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒருமுறை மௌனமாகப் படித்து, எந்தப் பேச்சு யாருடையது என்று பார்த்துவிடுங்கள்.

குரல் மாற்றம் என்றதும் பலகுரல் நிகழ்ச்சி நடத்த வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஒருவருக்கு வேகம், ஒருவருக்கு நிதானம், இன்னொருவருக்குத் தணிந்த குரல். இந்த மூன்றே போதும். எட்டுப் பாத்திரத்துக்கு எட்டுக் குரல் வைத்தால் நாலாவது பக்கத்தில் நமக்கே மறந்துபோகும்.

உட்காரும் முறை

இரண்டு வயது வரை மடியில், முதுகு நம் மார்பில் சாய்ந்தபடி. அதற்குமேல் பக்கத்தில். விளக்கு நம் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரே இருந்தால் வழவழப்புத் தாளில் வெளிச்சம் பட்டுப் படம் மறையும். இரண்டு பிள்ளைகள் என்றால் வாசிப்பவர் நடுவில். புத்தகத்தைச் சின்னவர் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். பெரியவருக்குக் காது போதும், சின்னவருக்குப் படம் வேண்டும்.

இரவு படுக்கும் நேரம் எல்லோரும் சொல்வது. ஆனால் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவருக்கு அது பெரும்பாலும் தோல்விதான்: பிள்ளை தூங்கி வழியும், நாமும் வழிவோம். அப்படிப்பட்ட வீட்டில் காலையில் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், அல்லது ஆச்சி சடை பின்னிவிடும்போது தாத்தா வாசிப்பது என்று மாற்றிக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருப்பது நல்லது. சோறு ஊட்டும்போது வாசிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். போனுக்குப் பதில் புத்தகத்தைக் காட்டி வாயில் திணிப்பதாக அது முடியும். பக்கங்களில் குழம்பும் ஒட்டும்.

வாசிப்பு, படிப்படியாக

1. முகப்பு அட்டையைக் காட்டுங்கள். தலைப்பை விரலால் தொட்டபடி வாசியுங்கள். எழுதியவர், படம் வரைந்தவர் பெயரையும் சொல்லுங்கள். சில நாளில் பிள்ளையே "இது அந்த யானை வரைஞ்சவங்கதானே?" என்று அடையாளம் காணத் தொடங்கும்.

2. முதல் முறை இடைநிறுத்தாமல் முடியுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். நீங்களாகக் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.

3. பக்கத்தைத் திருப்பியதும் உடனே வாசிக்கத் தொடங்காதீர்கள். மூன்று நொடி படத்தைப் பார்க்க விடுங்கள். கண் படத்தில் இருக்கும்போது காது வேலை செய்யாது.

4. இயல்பாகப் பேசுவதைவிடச் சற்று மெதுவாக வாசியுங்கள். மெதுவாக என்றால் சொல்லுக்குச் சொல் நிறுத்துவது இல்லை. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே இடைவெளி.

5. இரண்டாம், மூன்றாம் முறையில்தான் உரையாடல். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைப் பிரபலமாக்கியது. பெரியவர் வாசித்துக்கொண்டே போகாமல் பிள்ளையைக் கதை சொல்பவராக மாற்றுவதுதான் அதன் சாரம். கேளுங்கள், பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள்ளுங்கள், அதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "நாய் ஓது" என்று பிள்ளை சொன்னால் "ஆமா, நாய் வேகமா ஓடுது, பூனையத் துரத்திக்கிட்டு ஓடுது" என்பது போதும். 'ஓடுது என்று சொல்லு' என்று திருத்த வேண்டாம். திருத்தம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது.

6. கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நாம் பெரும்பாலும் ஒன்றரை நொடியில் பொறுமை இழந்து நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம்.

7. மனப்பாடமான புத்தகத்தில் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். அதுவே நிரப்பும்.

"இது என்ன கலர்?", "இதில் எத்தனை வாத்து?" போன்ற கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை பரீட்சை. "பூனை ஏன் உள்ளே வரலை?", "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" போன்றவற்றுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் அவை வேண்டும். ஒரு புத்தகத்துக்கு இரண்டு மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா?

இதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. சிலர் எல்லா வரியையும் பேச்சுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். பிள்ளை ரசிக்கும், ஆனால் புத்தகத்தின் மொழி அதன் காதில் விழுவதே இல்லை. சிலர் செய்தி வாசிப்பவர்போல ஒப்பிக்கிறார்கள், பிள்ளை நழுவிவிடும்.

இரண்டு வயது வரை தாராளமாகப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லலாம். இரண்டிலிருந்து ஐந்து வரை, கதை நகரும் வரிகளை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். பாத்திரங்களின் பேச்சை மட்டும் வீட்டுத் தமிழாக்குங்கள். "'நீ எங்கே செல்கிறாய்?' என்று கேட்டது நரி" என்பதை "'நீ எங்க போறே?' என்று கேட்டது நரி" என்று வாசித்தால் நரிக்கு உயிர் வரும், 'கேட்டது' என்ற வடிவமும் காதில் தங்கும். ஐந்துக்கு மேல் இரண்டையும் உள்ளபடியே வாசிக்கலாம். வயதைவிட அந்த மொழியில் எவ்வளவு கேட்டிருக்கிறது என்பதே கணக்கு: ஆறு வயதில்தான் தொடங்குகிறீர்கள் என்றால் இரண்டாவது கட்டத்தில் சில மாதம் இருங்கள்.

ஒரு வரி புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தால், முதலில் அச்சில் உள்ளபடி, உடனே பேச்சில், பிறகு மறுபடி அச்சில் உள்ளபடி என்று ஒரு சுற்று. கடினச் சொல்லுக்கு விளக்கம் ஒரே மூச்சில் முடிய வேண்டும்: "அந்தி, அதாவது சாயங்காலம் இருட்டுற நேரம்." ஒரு கதையில் மூன்று சொற்களுக்கு மேல் விளக்கப் போனால் கதை போய்ப் பாடம் வந்துவிடும்.

உச்சரிப்பில் 'காற்று' என்று அச்சில் இருந்தால் 'காத்து' ஆக்காமல் 'காற்று' என்றே வாசியுங்கள். 'ஒன்று' என்பதையும் 'ஒண்ணு' ஆக்க வேண்டாம். ல, ள, ழ மூன்றையும் பிரித்து ஒலிக்க முயலுங்கள். வட்டார வழக்கைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை. சென்னையில் அச்சான புத்தகத்தில் 'நாற்காலி' என்றிருந்தால் யாழ்ப்பாணத்து வீட்டிலோ டொரண்டோவில் உள்ள ஈழத்தமிழர் வீட்டிலோ அதை வாசித்துவிட்டு "எங்கட கதிரைதான்" என்று சேர்த்துக்கொண்டால் பிள்ளைக்கு இரண்டு சொல்லும் கிடைக்கும். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுபவர்கள் தமிழில் வாசித்துவிட்டு, கதையைப் பற்றிய பேச்சை வீட்டு மொழியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

விரல் வைத்து வாசிப்பது

நான்கு வயதுக்கு மேல் எப்போதாவது வரியின் கீழே விரலை ஓட்டுங்கள். எல்லா நாளும் வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் இரண்டு பக்கமும் குறி. ஆகவே கொம்பைத் தனியாகத் தொட்டு, பிறகு எழுத்தைத் தொட்டு என்று போனால் பிள்ளை குழம்பும். விரல் சொல்லுக்குச் சொல் நகரட்டும். எழுத்துக்கு எழுத்து நகர வேண்டாம்.

எங்கே பிசகும், ஏன்

ஒரே புத்தகத்தை நாற்பதாவது முறையாகக் கேட்கிறதா? வாசியுங்கள். அடுத்து வருவது என்னவென்று தெரிந்திருப்பதுதான் சின்னப் பிள்ளைக்கு இன்பம். புதுச் சொற்கள் படிவதும் அந்த மறுவாசிப்பில்தான். சலிப்பு தட்டினால் ஒரு பேரம் பேசலாம்: முதலில் நான் எடுத்த புத்தகம், பிறகு உன்னுடையது. பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் தாண்டாதீர்கள், கையும் களவுமாகப் பிடிபடுவீர்கள்.

உட்காரவே மாட்டேன் என்று ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடித்து உட்காரவைக்க வேண்டாம். நீங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருங்கள். வண்டி உருட்டிக்கொண்டே கேட்கும் பிள்ளைகள் உண்டு. மறுநாள் கதையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் போடும்போதுதான் அது கேட்டுக்கொண்டிருந்தது தெரியும். அதுவும் நடக்கவில்லை என்றால் புத்தகம் நீளம், அல்லது நேரம் சரியில்லை. பாதி நீளமுள்ள ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

பக்கம் கிழிந்தால் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டுங்கள். மூன்று வயதுக்குள் கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் கோபமில்லை, மெல்லிய தாளைத் திருப்பத் தெரியாத விரல். வலது மேல் மூலையைப் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொடுங்கள்.

போனில் வாசிப்பதென்றால் ஃபிளைட் மோடில் போட்டு, படுக்கைவாட்டில் திருப்பி வைத்து வாசியுங்கள். மேலிருந்து ஒரு செய்தி எட்டிப்பார்த்தால் கதை முடிந்தது. முடிந்தால் அச்செடுத்துவிடுங்கள், கறுப்பு வெள்ளையே போதும், பிள்ளை வண்ணம் தீட்டிக்கொள்ளும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா வாசிக்க விரும்பினால் ஒரே புத்தகம் இரண்டு இடத்திலும் இருக்கட்டும், பக்கத்தை இங்கே இருப்பவர் திருப்பட்டும். வீடியோ அழைப்பில் குரல் தாமதமாக வருவதால் கேள்வி பதில் சரிப்படாது. வாய்ஸ் மெசேஜாகப் பதிவுசெய்து அனுப்புவது இன்னும் வசதி. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் "திருப்பு" என்று சொன்னால் போதும்.

சரளமாகப் படிக்க வராத பெற்றோர், தாத்தா பாட்டி என்ன செய்வது? எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் கிடைக்கின்றன, அவற்றுக்கு அவர்களைவிட நல்ல வாசகர் இல்லை. அல்லது மூன்றாம் வகுப்பு அக்கா தம்பிக்கு வாசிக்கட்டும், பாட்டி பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கட்டும்.

பிள்ளை தானே படிக்கத் தொடங்கிய பிறகு

"இனி நீயே படி" என்று நிறுத்திவிடுவது மிகப் பரவலான தவறு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானாகப் படிக்கக்கூடிய கதை, அது காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் கதையைவிட மிகவும் எளியது. அது படிக்க ஒன்று, நீங்கள் வாசித்துக் காட்ட அதைவிடக் கடினமான ஒன்று என்று இரண்டு வரிசையாக ஓடட்டும்.

அத்தியாயக் கதைகளில் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். தொடங்கும் முன் "நேத்து எங்க விட்டோம்?" என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள். நீண்ட இயற்கை வர்ணனையில் நாலு வரியை விட்டுத் தாவினால் பாவமில்லை. மரணமோ பயமோ வரும் இடத்தை மட்டும் வெட்ட வேண்டாம். வாசித்துவிட்டு, பேச விரும்பினால் பேசுங்கள். பயம் அதிகமானால் அந்தப் புத்தகத்தைப் பகலுக்கு மாற்றுங்கள்.

பத்தி மாற்றிப் பத்தி இருவரும் வாசிக்கும்போது பிள்ளை தவறாகப் படித்தால் வாக்கியம் முடியும்வரை பொறுங்கள். பொருள் கெடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கெட்டிருந்தால் "இன்னொரு தடவை அந்த வரி?" என்று மட்டும் கேளுங்கள், பாதி நேரம் தானே திருத்திக்கொள்ளும். தடுக்கி நின்றால் ஐந்து நொடி பொறுத்து, சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டு நகருங்கள். எழுத்துக் கூட்டவைப்பதெல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்தோடு இருக்கட்டும்.